பொன்னுரங்கத்தின் கண்

காசிமேட்டில் பொன்னுரங்கத்தின் கண்ணைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. விசைப்படகு ஓட்டுகிற மற்ற லாஞ்சு டிரைவர்களுக்கு வெறும் தண்ணீராகத் தெரிகிற இடத்தில் மீன்கூட்டம் புரளுவதை அவன் பார்த்துவிடுவான். கரை தெரிகிறது என்று அவன் சொல்லி, ஒரு பீடி பிடித்து முடித்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கரை தெரியும். அந்தப் பெருமை அவனுக்குத் தலைக்குமேல் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், கடலில் கிடந்து சாகிறவனுக்குப் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது? ஆனால் அதை யாராவது தொட்டுவிட்டால் மனுஷன் மனுஷனாக இருக்கமாட்டான். அதுதான் அவனிடம் இருந்த கோளாறு.

தொட்டவன் வேறு யாருமில்லை, தங்கை ஜெயஸ்ரீயின் புருஷன் குணசேகரன். அவனும் லாஞ்சு டிரைவர்தான். தொண்ணூற்றெட்டாம் வருஷம், பொங்கலுக்கு முந்தின வாரம் ஒருநாள் காலை, பொன்னுரங்கத்தின் லாஞ்சு துறைமுகத்துக்குள் நுழையும்போது பக்கத்து லாஞ்சை லேசாக உரசிவிட்டது. ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்த நேரம். கூடையும் கையுமாகப் பெண்கள் நின்ற கூட்டத்தில் குணசேகரன் சத்தமாகச் சொன்னான்.

"மச்சானுக்குக் கண்ணு அவுட்டுபா. டிரைவர் வேலைய வுட்டுட்டு வலை பின்னச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாமன் மச்சானுக்குள் சகஜமான கேலிதான். பொன்னுரங்கத்துக்கு மட்டும் அது முள்ளாக இறங்கிவிட்டது. அன்றிலிருந்து தங்கை வீட்டு வாசலை அவன் மிதிக்கவில்லை. பொங்கலன்று அவள் தூக்குச்சட்டியோடு வந்து நின்றபோதும் கதவுக்கு வெளியிலேயே பேசி அனுப்பிவிட்டான்.

மாசியில் ஒருநாள். லாஞ்சுகளில் வயர்லெஸ் பரவலாக வராத காலம் அது. நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனால் செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. நீளக் கழியில் ஒரு லுங்கியைக் கட்டி உயரத் தூக்கி ஆட்டவேண்டும். அதைப் பார்த்தவன் யாராக இருந்தாலும், ஜென்மப் பகையாளியாகவே இருந்தாலும், வலையைச் சுருட்டிக்கொண்டு போய்க் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வரவேண்டும். வலை கனத்தால் அறுத்துவிட்டுப் போகவேண்டும். பார்த்துவிட்டுப் போகாமல் வந்தவன் என்று காசிமேட்டில் ஒருவனையும் சொல்ல முடியாது.

எண்ணூருக்கு நேரே வெகுதூரம் உள்ளே வலை ஏறிக்கொண்டிருந்தபோது பொன்னுரங்கம் அந்த லுங்கியைப் பார்த்தான். வடகிழக்கே, சிவப்பு லுங்கி. கீழே பச்சை லாஞ்சு, பக்கவாட்டில் மஞ்சள் கோடு. அது குணசேகரனுடையது.

வலை இழுத்துக்கொண்டிருந்த அருள்பிரகாசம் கையைப் புருவத்துக்கு மேல் வைத்துப் பார்த்தான். பொன்னுரங்கத்தோடு ஒன்றாகவே கடலுக்கு வந்து பழகியவன் அவன்.

"பொன்னு, அங்க இன்னாமோ ஆடுற மாரி கீதே?"

"துணி காயப் போட்டுகிறானுங்க. நீ வலையப் பாரு."

அருள்பிரகாசத்துக்குச் சந்தேகம்தான். ஆனால் பார்வை விஷயத்தில் பொன்னுரங்கத்தை எதிர்த்துப் பேசி யாருக்குப் பழக்கம்? அவன் குனிந்துகொண்டான்.

கொல்லவேண்டும் என்று பொன்னுரங்கம் நினைக்கவில்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மத்தியானம் வரைக்கும் கிடந்து ஆடட்டும், வேறு எவனாவது இழுத்து வருவான், அப்புறம் ஏலத்தில் வைத்து அவனை நாலு கேள்வி கேட்கலாம் என்றுதான் நினைத்தான். சின்னப்பிள்ளைத்தனம். ஐம்பதை நெருங்குகிற ஆளுக்கு இந்தப் புத்தி. வலை ஏறி முடிந்ததும் லாஞ்சைத் தெற்கே திருப்பினான். திரும்பிப் பார்த்தால் மனசு மாறிவிடும் என்று தெரிந்து, கரை வரும்வரை திரும்பவே இல்லை.

அன்று வேறு எந்த லாஞ்சும் அந்தப் பக்கம் போகவில்லை. மறுநாள் சாயங்காலம் ஆந்திராப் படகு ஒன்று பச்சை லாஞ்சை இழுத்து வந்து சேர்த்தது. இறங்கியவர்களில் உதயா இல்லை.

உதயா, மீன் விற்கிற செல்லம்மாவின் ஒரே மகன், குணசேகரனின் லாஞ்சில் வேலைக்குப் போனவன். நல்ல நீச்சல்காரன். தூரத்தில் பொன்னுரங்கத்தின் நீல லாஞ்சு வலை ஏற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "அது பொன்னு மாமா லாஞ்சு. நம்மளப் பாக்கல போலகீது, நான் கிட்டப் போயி கத்துறேன்" என்று சொல்லிவிட்டு, காலி டீசல் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்திருக்கிறான். அவன் பாதி தூரம் போனபோது நீல லாஞ்சு தெற்கே திரும்பிவிட்டது.

குணசேகரன் உதடெல்லாம் வெடித்துப்போய்த் துறைமுகத்திலேயே உட்கார்ந்து அழுதான்.

"நான் வாய வெச்சேன், பலிச்சுப்போச்சு. மச்சானுக்கு நெஜமாவே கண்ணு மங்கிப்போச்சு. பாத்துருந்தா வுட்டுட்டா போயிருப்பாரு?"

கூட்டம் பொன்னுரங்கத்தைப் பார்த்தது. உண்மையைச் சொல்ல அவனுக்கு அந்த ஒரு நேரம் இருந்தது. தன் கண்ணைப் பழித்தான் என்பதற்காக ஒருவனை நடுக்கடலில் விட்டு வந்தவன், இரண்டு கண்ணையும் கசக்கிக்கொண்டு சொன்னான்.

"ஆமாபா. கொஞ்ச நாளாவே மங்கலாத்தான் கீது."

அருள்பிரகாசம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாளிலிருந்து வேறு லாஞ்சுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

எத்தனையோ லாஞ்சுகள் போய்த் தேடின. உடம்பு கிடைக்கவில்லை. உதயாவின் சட்டையை வைத்துக் காரியம் செய்தார்கள். பொன்னுரங்கம் அந்தப் பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். வந்தவர்கள் எல்லோரும் அவனுக்கும் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல்தான் அவனைத் தூங்கவிடவில்லை.

பங்குனியில் ஒரு காலை செல்லம்மாவே அவன் வீட்டுக்கு வந்தாள். அதுவரை கூடை இல்லாமல் அவளை அவன் பார்த்ததே இல்லை.

"ராயபுரம் பள்ளிக்கூடத்துல கண்ணு டாக்டருங்க வந்துகிறாங்கணா. காசு கெடையாதாம், கண்ணாடியும் குடுக்கிறாங்களாம். எழுந்து வா."

"எனுக்கு எதுக்குமா?"

"எம்புள்ளதான் போயிட்டான். நாளைக்கு இன்னொருத்தி புள்ள தண்ணில கெடந்தா உனுக்குத் தெரியணும்ல. உம்மேல எனுக்குக் கோவம் இல்லணா. கண்ணு தெரியாதவன் மேல கோவப்பட்டு இன்னா ஆவப்போவுது? வா."

அவள் திட்டியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம், அவன் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியாமல்தான் எழுந்து அவள் பின்னால் நடந்தான்.

வகுப்பறையில் கரும்பலகைக்கு மேல் வெள்ளை அட்டை ஒன்று மாட்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கானது. மூன்று பல் வைத்த சீப்பு மாதிரி ஒரு குறி, மேலே பெரிதாக, கீழே போகப் போகச் சின்னதாக. பல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரலால் காட்டவேண்டும். பரிசோதிக்கிற பெண் மேல் வரிசையைத் தொட்டாள். பல் வலது பக்கம் இருந்தது. பொன்னுரங்கம் இடது பக்கம் காட்டினான்.

"இவ்ளோ பெருசே தெரியலியா?" என்றாள் அந்தப் பெண்.

பக்கத்தில் நின்ற செல்லம்மா பெருமூச்சு விட்டாள். "கடலுக்குப் போற மனுஷன்மா. கொஞ்சம் நல்ல கண்ணாடியாப் பாத்துக் குடுமா" என்று கெஞ்சினாள்.

தன் பிள்ளையைச் சாகவிட்டவனுக்காக ஒருத்தி யாரிடமோ கெஞ்சிக்கொண்டு நிற்கிறாள். பொன்னுரங்கம் காட்டிய கையை மடியில் போட்டுக்கொண்டான். பிறகு மறுபடி கையைத் தூக்கினான்.

வலது. மேலே. கீழே. இடது. அந்தப் பெண்ணின் குச்சி வரிசை வரிசையாக இறங்கியது. எறும்பு அளவுக்குக் குறிகள் இருந்த கடைசி வரிசையையும் ஒன்றுவிடாமல் காட்டினான். ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு காட்டச் சொன்னாள். அப்படியும் காட்டினான்.

"கண்ணு சூப்பரா இருக்கே. எதுக்கு வந்தீங்க?"

செல்லம்மா அட்டைக்குக் கிட்டே போனாள். கடைசி வரிசையைக் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இவ்ளோ சின்னது தெரியுதா உனுக்கு?"

"தெரியுது."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும் தெரிஞ்சுது, செல்லம்மா. துணியப் பாத்தேன். குணசேகரன் லாஞ்சுன்னும் தெரியும். உதயாவப் பாக்கல. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல."

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்து அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அடிக்கவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"எந்தப் பக்கம் தெரிஞ்சுது அந்தத் துணி?"

பொன்னுரங்கம் எழுந்து, கடல் இருக்கிற பக்கத்தை நிதானம் பண்ணி, வடகிழக்கே விரலை நீட்டினான். அந்தப் பக்கம் வகுப்பறைச் சுவர்தான் இருந்தது. செல்லம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.