அன்னபூரணத்தின் வலதுகால்

வேலணையில் அரசாங்க மருத்துவிச்சியாக இருந்த அன்னபூரணத்துக்கு, வலது கணுக்காலின் வெளிப்பக்கம் இரண்டு வருசமாக நோவு. வீக்கமில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். எண்ணெய் பூசினாள், துணி சுற்றினாள். தூரம் நடக்க ஏலாது, வேலைக்குக் கிட்டடி ஊர்களை மட்டும் தரும்படி கேட்டபோது மேலதிகாரி, "படத்திலை இல்லாத நோ எங்கையிருந்து வந்தது?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவள் காலைப்பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

அறுபத்தெட்டாம் ஆண்டு ஆவணியில் ஒரு மத்தியானம், சுருவிலில் இருந்து சோமநாதன் ஓடிவந்தான். மனைவி சிவயோகத்துக்கு இரவே வயிற்றுக்குத்துத் தொடங்கிவிட்டது, தலைப்பிள்ளை. அன்னபூரணம் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சந்தியில் அவள் நொண்டுவதைக் கண்டு அவன் நின்றான்.

"அக்கா, வண்டில் ஒண்டு பிடிச்சுக்கொண்டு வரட்டோ?"

"வேண்டாம். நீர் முன்னாலை போம். நான் நடந்து வந்திடுவன்."

வேலிகளுக்கு நடுவே ஒடுங்கிய மணல் ஒழுங்கை. இரண்டு இடத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்திருந்தது. கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்துக் கிடந்தது. அரை மணித்தியாலம் மூச்சு ஊதிப் பார்த்தாள், உயிர் வரவில்லை. ஆண்பிள்ளை.

அடுத்த மாதம், முறிவு நெரிவு பார்க்கும் வைத்திலிங்கப் பரியாரியிடம் போனாள். அவர் கணுக்காலைத் தொடவில்லை. முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கத் தசையை விரலால் தடவி வந்து ஓரிடத்தில் அழுத்தினார். அழுத்தியது மேலே, குத்தியது கீழே, அதே கணுக்காலில். கத்திவிட்டாள்.

"இஞ்சைதான் பிள்ளை, தசை முடிச்சு விழுந்து கிடக்கு. கால் எப்பவாவது சுளுக்கினதோ?"

"ஓம், தோணியாலை இறங்கேக்கை. ரண்டு வருசத்துக்குக் கொஞ்சம் மேலையிருக்கும்."

"சுளுக்கு மாறியிட்டுது. தசை இறுகினது இறுகினபடியே நிக்குது. நோ இதிலை, தெரியிறது அங்கை."

ஒத்தடமும் அழுத்தலுமாக மூன்று கிழமை. நோவு விட்டுவிட்டது. வெறும் மூன்று கிழமை. நோவு விட்ட அன்று அவள் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதாள்.

மார்கழியில் சுருவிலுக்குப் போனபோது சிவயோகம் கிணற்றடியில் நின்றாள்.

"கால் சுகமோ அக்கா?"

"ஓம்." பையைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அண்டைக்கு வண்டில் வேண்டாம் எண்டது நான்தான்."

"தெரியும். அவர் சொன்னவர்." சிவயோகத்தின் குரலில் கோபமில்லை. "இனி ஒரு பிள்ளை வந்தால் நான் ஆஸ்பத்திரிக்கே போயிடுவன் அக்கா. குறை நினையாதேங்கோ."

"அதுதான் நல்லது" என்றாள் அன்னபூரணம். அந்த ஒழுங்கையில் அவள் பார்க்கவேண்டிய வீடு இன்னும் இரண்டு இருந்தது.