சிரிக்கும் ஷாட்

1

இந்தக் கதைக்கு விதை என்னுடையது அல்ல. எண்பதாம் வருடம் சங்கரன்கோவில் தியேட்டர் ஒன்றில், ஒரு மாட்னி ஷோவில் கேட்ட குரல் அது. படத்தின் பெயர் வேண்டாம், ஓடாத படம். மனைவியை இழந்த கதாநாயகன், சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் அவள் போட்டோவைப் பார்த்துக் கலங்குகிறான். தியேட்டரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது பெண்கள் பக்கத்தில் இருந்து ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்.

“நான் இங்கனதான் இருக்கேன். உசுரோடதான் இருக்கேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே அரைச்சுவர் இருந்ததால், அவள் யார் என்று எட்டிப் பார்த்தும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான். மீதியெல்லாம் நானாகக் கட்டியது. ஆனால் அந்தக் குரலில் வேடிக்கை இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘கரிசல் காட்டின் மேல் சூரியன் மெல்ல—’

வேண்டாம். சூரியனை வைத்துக் கதை தொடங்குகிற வயசை நான் தாண்டிவிட்டேன்.

இரண்டாவது: ‘ராமசுப்புவுக்குச் சின்ன வயதிலிருந்தே சினிமா என்றால்’

யாருக்குத்தான் இல்லை?

மூன்றாவது நிற்கும்போல் இருக்கிறது. ராமசுப்பு படப்பெட்டி தூக்குகிறவன். சங்கரன்கோவிலில் ஓடி முடிந்த படத்தின் பெட்டிகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கடையநல்லூர் தியேட்டரில் சேர்ப்பது அவன் வேலை. கல்யாணமாகி ஒரு வருடம். மனைவி தங்கத்தாய். எழுபத்தொன்பதில் மெட்ராஸிலிருந்து ஒரு படக்கம்பெனி வந்து, திருவேங்கடம் ரோட்டில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்துப் படம் எடுத்தது. உள்ளூரில் ஓடியாட ஆள் வேண்டும் என்றார்கள். தியேட்டர்காரர் இவனை அனுப்பிவைத்தார்.

புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட் என்று பெயர். டீ கொடுப்பது, குடை பிடிப்பது, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விலக்குவது, கேட்ட பொருளைக் கேட்ட நேரத்தில் கொண்டுவந்து நிறுத்துவது. சினிமா என்கிற கோயிலுக்கு அதுதான் வெளிவாசல். (கோயில் உவமை எனக்கே பிடிக்கவில்லை. கோமதியம்மன் ஊரில் இருந்துகொண்டு வேறு எதைச் சொல்வது?)

மேனேஜர் ஞானதுரை நாசரேத்துப் பக்கத்துக்காரர். முதல் நாளே சொல்லிவிட்டார்.

“ஏலே, இல்லைங்குற வார்த்தை மட்டும் உன் வாயில வரப்புடாது. வராம இருந்தா, நாங்க கெளம்பும்போது நீயும் வண்டியில ஏறிக்கோ. மெட்ராஸ்ல உனக்கு வேலை இருக்கு.”

ராமசுப்பு அன்றைக்கே மனசால் வண்டியில் ஏறிவிட்டான்.

3

கதாநாயகனின் அப்பாவாக நடித்த பெரியவர் சாகும் காட்சியை எடுத்தார்கள். டைரக்டர் ‘கட்’ சொன்ன பிறகும் அவரை எழுந்திருக்க விடவில்லை. கேமரா மறுபடி ஓடியது. “சிரிங்கய்யா” என்றார்கள். பிணமாகக் கிடந்தவர் கண்ணைத் திறந்து, கேமராவைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்தார். அதற்கப்புறம் பூசணிக்காய் உடைத்தார்கள்.

“இது எதுக்கு அண்ணாச்சி?” என்று ராமசுப்பு ஞானதுரையிடம் கேட்டான்.

“செத்த மாதிரி நடிச்சவன் உடனே கேமராவப் பாத்துச் சிரிச்சிரணும்லே. எடுத்த சாவை அந்தச் சிரிப்பு அழிச்சிரும். படத்துல வராது, வெட்டிப் போட்டுருவாங்க. ஆனா அதை எடுக்காம எவனும் வீட்டுக்குப் போகமாட்டான்.”

ராமசுப்புவுக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருக்கிறது. யாரும் பார்க்கப்போகாத ஒரு சிரிப்புக்காகப் பிலிமைச் செலவழிக்கிறார்களே, அந்தப் பயத்தில் ஒரு மரியாதை இருக்கிறது.

4

கடைசி நாள் காலையில் ஞானதுரை தலையில் கை வைத்துக்கொண்டார். செத்துப்போன மனைவியின் போட்டோ வேண்டும். மெட்ராஸிலிருந்து கொண்டுவர மறந்துவிட்டார்கள். கூட வந்திருந்த துணை நடிகைகளைக் கேட்டால், மாலை போடுவதற்குத் தன் படத்தைத் தர எவளும் தயாராக இல்லை.

“மத்தியானத்துக்குள்ள ஒரு பொம்பளை படம் வேணும்லே ராமசுப்பு.”

“கொண்டாரேன் அண்ணாச்சி.”

இறந்தவர்களின் படம் இருக்கும் வீடுகளுக்குத்தான் முதலில் போனான். ஒரு வீட்டில் அடிக்காத குறை. “எங்கம்மாவ எவனோ ஒருத்தன் பொண்டாட்டின்னு சொல்லி அழுறதுக்கா கேக்க? போலே அங்கிட்டு!” நியாயம்தான். வெயில் ஏறிவிட்டது. அவன் கால்கள் தன் வீட்டுக்குப் போயின. டிரங்குப் பெட்டியில் கல்யாணத்தன்று ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ இருந்தது.

இந்த இடத்தில் வெகுநாள் மாட்டிக்கொண்டேன். அவளைக் கேட்டானா, கேட்கவில்லையா? கேட்டதாக ஒரு தடவை எழுதினேன். தங்கத்தாய் உடனே “எடுத்துட்டுப் போங்க, உங்க வேலைதான் முக்கியம்” என்றாள். படித்துப் பார்த்தால் அது அவள் பேசியதாகவே இல்லை. அவனைக் காப்பாற்ற நான் பேசவைத்தது. அடித்துவிட்டேன்.

அவன் கேட்கவில்லை. அவள் குழாயடியில் நின்றாள். கேட்டால் மாட்டேன் என்பாள் என்று தெரிந்தேதான் கேட்காமல் எடுத்துப்போனான். தான் இருக்கிற பாதியைப் பின்னால் மடித்துச் சட்டத்துக்குள் செருகினான். பூக்கடையில் போட்டோவுக்கு மாலை என்றதும் கடைக்காரர் ஆதரவாக, “வீட்டுல யாருக்குப்பா?” என்று கேட்டார். சினிமாவுக்கு என்று சொல்லிவிட்டு, மிச்சச் சில்லறையை வாங்காமலே நடந்தான்.

ஆணி அடித்தது அவன். கண்ணாடியில் குங்குமம் வைத்தது அவன். மாலையைப் போட்டதும் அவன். எல்லாம் அந்த வேலையில் அடங்கியவை. ஷாட் ஒரே டேக்கில் ஓகே ஆனது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள்; ஒருவரும் பூசணிக்காய் உடைக்கவில்லை. போட்டோவில் இருக்கிறவளைச் சிரிக்கச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கு மட்டும் தோன்றியது.

5

அவனால் மறைக்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டான்.

தங்கத்தாய் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: “ஊருல பொம்பளைகள் புருசன் நல்லாருக்கணும்னு கும்பிடுதாளுவ. நானுந்தான் கும்பிடுதேன். நீங்க உங்க கையாலேயே எனக்கு மாலை போட்டுட்டு வந்து நிக்கீய.”

“வேலைக்காகத்தான்ட்டி.”

“யாருக்கு வேலை? நீங்க மெட்ராஸுக்குப் போயிருவிய. செத்தவ இங்கன கெடப்பேன்.”

அவன் சிரிக்கும் ஷாட்டைப் பற்றிச் சொன்னான். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான். அவள் அதையே பிடித்துக்கொண்டாள்.

“அப்போ எனக்கும் அதை எடுக்கச் சொல்லுங்க. எடுக்காம நீங்க வண்டி ஏறப்புடாது.”

(இந்த வசனத்துக்கு முன்புவரை தங்கத்தாயை நான் நம்பவில்லை. ஒரு போட்டோவாகத்தான் வைத்திருந்தேன், ராமசுப்புவைப் போலவே.)

6

சாயங்காலம் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ராமசுப்பு போய்க் கேட்டதும் ஞானதுரைக்குக் கோபம் வந்துவிட்டது.

“பிலிம் என்ன ஆத்துத் தண்ணியாலே, ஆளாளுக்கு மோந்து குடிக்க? போட்டோவுக்கெல்லாம் எவன் சிரிப்பு எடுக்கான்?”

“எடுக்கலன்னா நான் வரல்ல அண்ணாச்சி.”

சொல்லிவிட்டு அவனே பயந்துபோனான். கேமராமேன் மெட்ராஸ்காரர், அதிகம் பேசாதவர். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, “கூட்டிட்டு வாப்பா” என்றார்.

தங்கத்தாய் துவைத்த சேலை கட்டிக்கொண்டு வந்து, அந்த ஆணி அடித்த சுவருக்கு முன்னால் நின்றாள். “சிரிம்மா.” அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணப் போட்டோ எடுத்த அன்றைக்கும் அவளைச் சிரிக்காதே என்றுதான் சொல்லியிருந்தார்கள். ராமசுப்பு பழக்கதோஷத்தில் கேமராவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான், வெயிலே இல்லாத நேரத்தில். அதைப் பார்த்துவிட்டாள். பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. தோள் குலுங்க, பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வர அவள் சிரித்து முடிக்கும்வரை கேமரா கரகரவென்று ஓடியது.

“ஓகே” என்றார் கேமராமேன்.

ஆனால் கேமராவின் தலையில் இருந்த பெட்டியில் பிலிம் இல்லை. மிச்சமிருந்த பிலிமையெல்லாம் டப்பாக்களில் அடைத்து வண்டிக்குக் கொண்டுபோனது ராமசுப்புதான். காலிப் பெட்டியை அவன்தான் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். கேமராமேன் அவனைப் பார்த்தார். கண்ணாலேயே, சொல்லாதே என்றார். கெட்ட மனுஷன் இல்லை அவர். அவரால் முடிந்தது அதுதான்.

7

முடிவு ஒன்று: ராமசுப்பு, “நல்லா வந்திருக்குட்டி” என்கிறான். அவள் நிம்மதியாக அனுப்பிவைக்கிறாள். அவன் மெட்ராஸில் பெரிய ஆளாகி

அடித்துவிட்டேன். அவளுக்குத் தெரியாமல் ஒரு தடவை செய்தவன், இப்போது இரண்டாம் தடவையும் செய்கிறான்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறான். அவள் முகம் அப்படியே

இதையும் அடித்துவிட்டேன். வாழ்க்கையில் ஒரு கேமராவின் முன்னால் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான். அதை அணைக்க எனக்குக் கை வரவில்லை.

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. ஞானதுரை வண்டியில் இருந்து ஹாரன் அடிக்கச் சொல்கிறார். தங்கத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ராமசுப்புவிடம் வருகிறாள்.

“நான் சிரிச்சது அதுல விழுந்திருக்கும்லா?”

அவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் கலையவில்லை. நீங்களே அவளுக்கு ஒரு பதில் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்; தாமதித்தால் அவன் முகத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொள்வாள்.