சம்மதப் படிவத்தில் பிள்ளையார் சுழி

உஷாராணி மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறாள் என்றதும் கிள்ளானில் அவள் வேலை பார்த்த வக்கீல் அலுவலகத்தில் யாரும் நம்பவில்லை. முப்பத்தாறு வயதில், கைநிறையச் சம்பளத்தை விட்டுவிட்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்காரப் போகிறாள் என்றால் ஏதோ காதல் தோல்வியாகத்தான் இருக்கும் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். அப்படி ஒன்று இருந்திருந்தால் அவளுக்கே நிம்மதியாக இருந்திருக்கும். தோற்பதற்கும் ஏதாவது ஒன்று வேண்டுமே.

உண்மைக் காரணம் கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். பத்து வருடம் அவள் விபத்து வழக்குகளில் காப்புறுதிக் கம்பெனிகளின் பக்கம் நின்றவள். லோரி ஏறிக் கால் போனவன் எதிரில் உட்கார்ந்து அழுவான். இவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்கு மேலா கீழா என்று கேட்பாள். முதல் இரண்டு வருடம் வீட்டுக்குப் போய் அழுதாள். மூன்றாவது வருடம் தலைவலி மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. போன தீபாவளிக்கு அக்கா, பிறந்து ஒரு மாதமான குழந்தையைக் கையில் கொடுத்தபோது, இது எத்தனை கிலோ இருக்கும் என்பதைத் தவிர மனசில் வேறொன்றும் ஓடவில்லை. அன்றைக்குக் கொஞ்சம் பயந்தாள். அந்தப் பயமும் அரைமணி நேரம்தான்.

ஊர் மாறிப் படித்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். படிப்பென்ன, கஷாயமா? ஆனாலும் சேர்ந்தாள். பிரிக்பீல்ட்ஸில் மூன்றாம் மாடியில் ஓர் அறை எடுத்தாள். நகரம் என்னவோ கலகலப்பாகத்தான் இருந்தது. கீழே மாலை கட்டுகிறவர்களின் பாட்டுச் சத்தம், தெரு முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள், வகுப்பில் நைஜீரியாக்காரனும் ஈரான்காரியும் சபாவிலிருந்து வந்த இரண்டு பேரும். இரண்டு மணி நேரம் அரசியலமைப்பைப் பற்றிக் குடுமிப்பிடிச் சண்டை போட்டுவிட்டு, எல்லாருமாகத் தே தாரேக் டீ குடிக்கப் போவார்கள். உஷாராணியும் போவாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: நியாயமில்லாமல் வேலையை விட்டு அனுப்பப்படும் வெளிநாட்டுத் தொழிலாளிகள் ஏன் புகார் கொடுப்பதில்லை? சட்டத்தில் அவர்களுக்கும் இடம் இருக்கிறது. அனுப்பப்பட்ட நாளிலிருந்து அறுபது நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுத்து, வேலையைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அறுபத்தோராவது நாள் போனால் சாமியே வந்து கேட்டாலும் கதவு திறக்காது. அந்த அறுபது நாளும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பன்னிரண்டு பேரிடம் கேட்டு எழுத வேண்டும்.

ஆய்வு வழிகாட்டி டாக்டர் ராஜன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"நீ அங்க லாயர் இல்ல, உஷா. ரிசர்ச்சர். கேளு, ரிக்கார்ட் பண்ணு, வந்துடு. அட்வைஸ் கொடுக்கக் கூடாது. எதிக்ஸ் கமிட்டிக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கோம்."

மற்றவர்களுக்கு இந்த விதி கஷ்டமாக இருந்திருக்கும். அவளுக்கு உள்ளங்கையில் வைத்த மாதிரி பொருந்தியது.

ஏழாவது ஆள் அழகிரி. நாற்பத்தொரு வயது, ராமநாதபுரம் பக்கம். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் நாலு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைக்கு ரயிலேறி வந்திருந்தார். அவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் கடையின் காசாளர் பழனியப்பன்தான்.

"இவங்க கிள்ளான்ல பெரிய லாயர்ப்பா," என்றார் பழனியப்பன். "ஒண்ணையும் மறைக்காம சொல்லு."

பொய்யில்லை, அவள் லாயர்தான். முறைப்படி திருத்தவும் செய்தாள். "அண்ணே, நான் இப்ப யுனிவர்சிட்டில படிக்கிறேன். இது என் படிப்புக்காகக் கேக்குறது," என்றாள். அழகிரி மரியாதையாகத் தலையாட்டினார். "நல்லா படிங்க மேடம். எம் மகளும் நர்சிங் ரெண்டாவது வருசம் படிக்குது," என்றார். வக்கீலம்மா சொந்த விஷயமும் பேசுகிறாளே என்று அவருக்குச் சந்தோஷம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை.

நடந்தது எளிமையான கதை. மார்ச் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, இரண்டு ஷிஃப்ட் முடித்தவரை மூன்றாவதற்கும் நிற்கச் சொன்னார்கள். கண் சொருகுது, ஆளை இடிச்சுப்புடுவேன் என்று மறுத்தார். நாளைக்கு வராதே என்றார்கள். அவ்வளவுதான். வேலை பெர்மிட்டை முதலாளி எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். செய்துவிட்டால் ஊருக்கு டிக்கெட்தான், மகளின் படிப்பும் பாதியில் நிற்கும்.

உஷாராணி தேதியை எழுதினாள், அடிக்கோடிட்டாள். வழக்கில் கெடு எண்ணிப் பழகிய கை, தானாகவே ஓரத்தில் '19/60' என்று குறித்தது. இன்னும் நாற்பத்தொரு நாள் இருக்கிறது. போவாரா, போக மாட்டாரா? எது நடந்தாலும் ஆய்வுக்கு ஆகும் என்று நினைத்துக்கொண்டாள். அது வன்மம் இல்லை. வன்மத்துக்காவது கொஞ்சம் சூடு வேண்டும்.

பிறகு சம்மதப் படிவத்தை நீட்டினாள். மூன்று பக்கம், ஆங்கிலமும் மலாயும். பேட்டி கொடுக்கச் சம்மதம், பெயர் வெளியே வராது, சட்ட ஆலோசனை தரப்படாது என்று அதில் இருந்தது. தமிழில் நாலு வரியாகச் சொன்னாள். அழகிரி கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் பக்கத்தின் உச்சியில், பல்கலைக்கழக முத்திரைக்குப் பக்கத்தில், நிதானமாக ஒரு பிள்ளையார் சுழி போட்டார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

இதென்ன கோடு என்று கமிட்டி கேட்குமே, வேறு படிவம் எடுக்கலாமா என்று யோசித்தாள். பையில் வேறு இல்லை, விட்டுவிட்டாள். கல்யாணப் பத்திரிகைக்கும் புதுக் கடைக்கும் போடுகிற சுழியை ஒரு மனுஷன் ஆராய்ச்சிக் காகிதத்துக்கு ஏன் போடுகிறான் என்று அவள் யோசித்திருக்கலாம். தமிழ் வீட்டில் பிறந்தவள், பரீட்சைத் தாளில் தானும் போட்டவள். எதையோ தொடங்குகிறார் அந்த மனுஷன் என்று புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

மறுநாள் காலையிலிருந்து அழகிரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு முருகன் படம் வந்தது, கீழே 'இனிய காலை வணக்கம்'. மரியாதைக்கு அவளும் தினமும் ஒரு கும்பிட்ட கையை அனுப்பினாள். அவளுக்கு அது பல் தேய்க்கிற மாதிரி ஒரு வேலை. ஏழாவது பேட்டியைப் படித்த டாக்டர் ராஜன், "இது ரொம்ப ஸ்ட்ரோங் லா, உஷா. எங்கயுமே நீ உள்ள நுழையல. இந்த டிஸ்டன்ஸ் எல்லாருக்கும் வராது," என்றார். அவளும் நன்றி சொன்னாள்.

மே மூன்றாம் தேதி, சனிக்கிழமை. பல்கலைக்கழக உணவகத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது முருகனுக்குப் பதில் அழகிரியின் குரல்பதிவு ஒன்று வந்தது.

"மேடம், வணக்கம். தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. வக்கீலப் போட்டு நச்சரிக்கக் கூடாது, ரெண்டு மாசமாவது பொறுன்னு ரூம்ல சொன்னாங்க. வேல போயி நேத்தோட ரெண்டு மாசம் ஆயிருச்சு. கேஸுக்குத் தேதி போட்டாங்களா?"

இரண்டு தடவை கேட்டாள். வெளியே போய்ப் படிக்கட்டில் நின்று அழைத்தாள்.

"அண்ணே, நீங்க இலாகாவுக்குப் போகலயா?"

"நான் எதுக்கு மேடம் போவணும்? அதான் உங்ககிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்ல. ஜெஞ்சாரோம்ல நம்ம ஊர்க்காரரு ஒருத்தரு, வா நான் கூட்டிட்டுப் போறேன்னாரு. வக்கீலம்மா பாத்துக்கிறாங்க, தெனம் பதில் போடுறாங்கன்னு சொல்லிட்டேன்."

"அது கேஸ் பேப்பர் இல்லண்ணே."

"பின்ன?"

"நான் உங்ககிட்ட பேட்டி எடுக்க நீங்க சம்மதம்னு சொன்ன பேப்பர்."

அந்தப் பக்கம் ஏதோ லோரி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப அந்தப் பேப்பர்ல நான் என்ன மேடம் கேட்டிருக்கேன்?"

"ஒண்ணும் கேக்கலண்ணே."

நெஞ்சு படபடக்கும் என்று காத்திருந்தாள். படபடக்கவில்லை. அறுபத்தொன்று என்ற எண் மட்டும் உள்ளே நின்றது. திங்களன்று ஷா ஆலமில் இருக்கும் இலாகாவுக்கு வரச் சொன்னாள், எதற்கென்று அவளுக்கே தெரியாமல். திரும்பி மேசைக்கு வந்தபோது நன்றாகப் பசித்தது. உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டாள். அதை நினைத்துத்தான் பிற்பாடு தன்மேல் அருவருப்புப் பட்டாள்.

திங்கட்கிழமை காலை அழகிரி அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. எண் சீட்டு எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மேடம். இத்தன நாளுக்குள்ள போகணும்னு."

"சொல்லக் கூடாதுன்னு படிப்புல ஒரு ரூல் இருக்குண்ணே. சொன்னா பிரச்சனையாயிடும்."

சொல்லி முடித்ததும் தன் காதுக்கே அது எப்படிக் கேட்டது என்று தெரிந்தது. அழகிரி ஓகோ என்று தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. பள்ளிக்கூட விதியைப் பற்றிப் பிள்ளை சொல்லக் கேட்கும் அப்பன் மாதிரி கேட்டுக்கொண்டார்.

கவுண்டரில் இருந்த பெண் மனுவை வாங்கி, மேசை நாட்காட்டியில் பேனா நுனியால் எண்ணினாள். இரண்டாம் தடவையும் எண்ணினாள். அறுபத்து மூன்றாகிவிட்டது, வாங்கிக்கொண்டாலும் தள்ளுபடிதான் ஆகும் என்று மலாயில் வருத்தத்தோடு சொன்னாள். பதிவுக்காகக் கேட்கிறேன் என்று பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு, "கெனாப்பா லம்பாட்?" என்றாள்.

"என்ன மேடம் கேக்குறாங்க?"

"ஏன் லேட்டாச்சுன்னு கேக்குறாங்க."

அதற்கான பதிலை உஷாராணி ரயிலிலேயே மலாயில் தயார் பண்ணியிருந்தாள். இவர் என்னிடம் புகார் கொடுத்துவிட்டதாக நம்பினார், தவறு என்னுடையது, நான் ஒரு வழக்கறிஞர். மூன்று வாக்கியம். பதிவாகிவிட்டால் பல்கலைக்கழகத்துக்குப் போகும், வக்கீல் மன்றத்துக்கும் போகலாம். போகட்டும் என்றுதான் வந்திருந்தாள்.

"நீங்க எடுத்துச் சொன்னா வாங்கிப்பாங்களா?" என்றார் அழகிரி.

"இல்லண்ணே. எதச் சொன்னாலும் இனிமே எடுக்க மாட்டாங்க."

அவர் கவுண்டர்ப் பெண்ணின் பேனாவைப் பார்த்தார்.

"அப்ப எனக்குச் சட்டம் தெரியாதுன்னே சொல்லிருங்க மேடம். உங்க பேரு எதுக்கு இதுல? படிப்பு கெட்டுப் போயிரும். எங்க வீட்டுல ஒரு படிப்பு நிக்கப் போவுதே, அது போதும்."

அவள் வாயைத் திறந்தாள். மூன்று வாக்கியமும் அங்கேயே இருந்தன, ஒரு சொல் குறையாமல்.

"டியா தாக் தாவு," என்றாள். அவருக்குத் தெரியாது.

கவுண்டர்ப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். பாவம், நிறையப் பேர் இப்படித்தான், யாராவது ஒருத்தர் அவர்களுக்கு எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றாள். உஷாராணி ஆமாம் என்று தலையாட்டினாள். அழகிரி சட்டைப் பையிலிருந்து கடவுச்சீட்டு நகலை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் பக்கம் திரும்பி, "லீவு போட்டு வந்தீங்களே, ரொம்ப நன்றி மேடம்," என்றார்.

அப்போதுதான் வந்தது. இத்தனை வருடமாக எங்கே போயிருந்ததோ, காது மடல் வரைக்கும் சுட்டுக்கொண்டு வந்தது. வெட்கம். கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், ஒரு நிமிஷம், நான் சொன்னது தப்பு," என்று தமிழிலேயே சொன்னாள். அதற்குள் அந்தப் பெண் மனுவைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டாள்.