பின்னால் வருகிறவர்

"நிறுத்தாதடா, அழுத்து!" என்று அவள் கத்தினாள்.

தம்பி இரண்டு கைகளையும் கோத்து, மல்லாந்து கிடந்த அவள் கணவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தான். போன் சிக்னல் தேடி வளைவு வரை போயிருந்த பேக்கரிக்காரர், கணவரின் பால்ய நண்பர், மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஆம்புலன்ஸ்காரங்க கீழேயிருந்து கிளம்பிட்டாங்களாம் அண்ணி. இதோ வந்துடுவாங்க."

மலைப்பாதையில் ‘இதோ’ என்றால் எவ்வளவு தூரம் என்பது மூன்று நாளாகப் பெடல் மிதித்த அவள் கால்களுக்குத் தெரியும்.

சைக்கிள் பயணம் என்றால் கணவர்தான் எப்போதும் கடைசி. வேகம் இல்லாமல் இல்லை. யாருக்காவது டயர் பஞ்சரானால், செயின் கழன்றால், பின்னால் ஓர் ஆள் வந்தாக வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். பம்பு, டியூப், மருந்து எல்லாம் அவர் பையில். ‘வால்’ என்றே அவரைக் கூப்பிட்டார்கள். நின்றுபோனவர் நின்ற இடத்திலேயே இருந்தால் போதும், வால் வந்து சேரும். அந்த வாலுக்குப் பின்னால் யார் வருவார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று அதற்குச் சற்று முன், மேட்டு உச்சியில் மூவரும் டீ குடித்தார்கள். அவர் வரவில்லை. இன்னொரு டீ சொன்னார்கள்.

"எவன் சைக்கிளையாவது ரிப்பேர் பண்ணிட்டிருப்பான்" என்றார் பேக்கரிக்காரர்.

"நல்லா பண்ணட்டும். வீட்டுக் குழாய் ஆறு மாசமா ஒழுகுது, அதைத் தொட மாட்டார்" என்று அவள்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைக்க இப்போது உடம்பு கூசியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "எப்ப விழுந்தார்னு யாராவது பார்த்தீங்களா?"

"நாங்க முன்னாடி போயிட்டோம்" என்றார் பேக்கரிக்காரர். டாக்டர் மேலே கேட்கவில்லை. உள்ளே போனவர் சீக்கிரமே வெளியே வந்து, இல்லை என்று தலையசைத்தார்.

"கொஞ்சம் முன்னாடியே பார்த்திருந்தா, டாக்டர்?"

"அதை இப்ப எப்படிம்மா சொல்றது?"

கட்டிலருகே தம்பி அவள் தோளைத் தொட்டான்.

"ஓட்டிட்டு இருக்கும்போதே போயிருக்கும்க்கா. மாமாவுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

உச்சியிலிருந்து தேடி இறங்கி வந்தபோது அவரை முதலில் பார்த்தவன் அவன்தான். அடுத்து அவள். சைக்கிளை மரத்தில் பதமாகச் சாய்த்து வைத்திருந்தார். ஷூக்களைக் கழற்றி ஜோடியாக வைத்திருந்தார். தண்ணீர் பாட்டில் மூடி திறந்திருந்தது. மேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்து, அப்படியே சரிந்திருந்தார்.

"ஆமாடா" என்றாள். "தெரிஞ்சிருக்காது."

வெயிலில் கறுத்த கால்களில் பாதங்கள் மட்டும் வெளுப்பாக, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவள் போர்வையைக் கீழே இழுத்தாள். தோள் தெரிந்தது. மேலே இழுத்துவிட்டாள். பாதங்கள் மறுபடி வெளியே வந்தன.