வாசற்படிக்கு அடியில் ஒரு வெள்ளிக்காசு

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைக் காரைக்காலில் சொல்தா என்போம். நான் கையாளாக வேலை செய்த அந்த வீட்டுக்காரர் பெயர் ழில்பேர். எங்கள் வாயில் அது சரியாக வராது. அதனால் சொல்தா ஐயா என்றே எல்லோரும் கூப்பிட்டோம். அவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

எண்பத்து நாலு மழை விட்டதும் கட்டடம் தொடங்கியது. மேஸ்திரி சண்முகசுந்தரம். சித்தாள் குஞ்சம்மா. கலவை போடுவதும் கல் சுமப்பதும் நான். வரிச்சிக்குடியிலிருந்து சைக்கிளில் வந்து போவேன். திரும்பிப் போகும்போது ஹேண்டில் பிடிக்கத் தோள்பட்டை இடம் கொடுக்காது. பாதி தூரம் உருட்டிக்கொண்டே போவேன்.

அவர்கள் குடியிருந்த வாடகை வீடு பக்கத்து மனையிலேயே இருந்தது. டீ வேளையில் சில நாள் சொல்தா ஐயா ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவருவார். உள்ளே நீல வெல்வெட்டு. அதில் வட்ட வட்டமாகக் குழிகள். குழிக்கு ஒரு வெள்ளிக்காசு. பெரியது மேல் வரிசை, சின்னது கீழ் வரிசை. கீழ் வரிசையில் பாதிக் குழி இன்னும் காலி. பாரீசில் சர்க்கார் காசு அடிக்கிற ஆலை இருக்கிறதாம். கடையில் புழங்குகிற காசு வேறு, இது வேறாம். யாராவது பெரிய ஆளை நினைத்து, ஏதாவது விசேஷத்தை நினைத்து, வெள்ளியில் அடிப்பார்களாம். அவருடைய தம்பி லூயி அங்கேயே வேலையில் இருந்தார். புதுக் காசு வந்தால் நேரில் போய் ஒன்று வாங்கி, லீவில் காரைக்காலுக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். தபாலை அவர் நம்புவதில்லை. காசு ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய காலுறைக்குள் சுருட்டிக்கொண்டு கப்பலிலோ விமானத்திலோ வந்ததுதான்.

எழுத்துக் கூட்டிப் படிக்க நான் ராத்திரிப் பள்ளியில் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன். கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பேன். அந்தக் காசில் வருஷத்தை மட்டும்தான் படிக்க முடிந்தது.

"இதை வெச்சு என்னங்க செய்வீங்க?" என்று குஞ்சம்மா கேட்டாள்.

"பார்ப்பேன்."

"பார்த்து?"

"மூடி வெப்பேன்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தாங்க. சோத்துப் பானையைத் திறந்து பார்ப்பாரு, மூடி வெச்சிடுவாரு. உள்ள இருந்தாத்தானே!"

சொல்தா ஐயாவும் சிரித்தார். மேஸ்திரி எட்டிப் பார்த்து, "உருக்கினா பேரப்புள்ளைக்கு நல்ல கனமா ஒரு அரைஞாண் தேறுங்க" என்றதும்தான் பெட்டியைப் பட்டென்று மூடினார்.

காசைத் தொட விடமாட்டார். அவரே துணியை வைத்து ஓரத்தைப் பிடித்துத்தான் எடுப்பார். "ஒரு விரல் பட்டாப் போதும். ரேகை பதிஞ்சிடும், அப்புறம் போகவே போகாது. கை பட்டுதுன்னா அது சந்தைக் காசு. இந்தப் பெட்டியில அதுக்கு இடமில்ல" என்பார்.

எதற்காகச் சேர்க்கிறார் என்பதையும் ஒரு நாள் சொன்னார். அடுத்த வருஷம் லூயிக்கு வேலை ஓய்வு. ஊருக்கு வந்துவிடுவார். வடக்குப் பக்கத்து அறை அவருக்காகத்தான் கட்டுகிறோம். "ஒவ்வொண்ணா வாங்கி அனுப்பினவன் அவன். எல்லாத்தையும் சேர்த்து வெச்சு அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. வந்த அன்னிக்கு அவன் முன்னாடி பெட்டியைத் திறக்கணும். ஒரு குழி காலியா இருக்கக் கூடாது."

தை மாசம் நிலை வைக்க நாள் பார்த்தார்கள். ஆசாரி குறித்துக் கொடுத்த நாளும், சொல்தா ஐயா பாண்டிச்சேரியில் கொன்சுலா என்கிற பிரெஞ்சுத் தூதரக ஆபீசுக்குப் போய் நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டிய நாளும் ஒன்றாகிவிட்டன. கையெழுத்துப் போடாவிட்டால் பென்ஷன் நின்றுபோகும். ஆசாரியின் நாளைத் தள்ளினால் மாசியில் தோதான நாள் இல்லை, நிலை வைக்க ஆகாத பங்குனி வந்துவிடும். அதனால் அவர் முதல் பஸ்ஸில் போய்விட்டார். வீட்டில் நிலை வைக்க நின்றது அவர் சம்சாரம் ஆன்தோனெத் அம்மாதான்.

மாதா கோயிலிலிருந்து சாமியார் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அவர் தெரு முனை திரும்பியதும் ஆசாரி தன் வேலையை ஆரம்பித்தார். நிலைக்கு மஞ்சள், குங்குமம், மாவிலை. எந்த மதக்காரர் வீடானாலும் எங்கள் பக்கத்தில் நிலைக்கால் நிற்கிற குழியில் நவதானியமும் பொன்னும் வெள்ளியும் போடாமல் நிறுத்துவதில்லை. அம்மா பொன்னுக்கு ஒரு மூக்குத்தித் திருகு கொடுத்தார். வெள்ளிக்கு ஒரு குழந்தைக் கொலுசு.

ஆசாரி கொலுசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கொக்கி ஒடைஞ்சிருக்கேம்மா."

"அதனால என்ன?"

"ஒடைஞ்ச வெள்ளி வாசலுக்கு ஆகாதும்மா. முழுசா இருக்கணும்."

"மாதாவே! இப்ப எந்தக் கடை திறந்திருக்கும்?"

"ராகு காலம் வர்றதுக்குள்ள முடிக்கணும்மா. அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

அம்மா விறுவிறுவென்று வாடகை வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் அந்த மரப்பெட்டி. செங்கல் அடுக்கின் மேல் வைத்துத் திறந்தார். நாங்கள் எல்லோரும் கூடிவிட்டோம்.

ஆசாரி முதலில் கை காட்டியது மேல் வரிசைப் பெரிய காசு. கனம் அதிகம். அதில் நடுவில் ஓர் ஆண் நிற்கிறான், இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். குஞ்சம்மா குனிந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, இந்தாளு மேல துணியே இல்லியே! நடுவாசல்ல இவரையா நிறுத்தப் போறீங்க?"

"அது அவங்க பழைய காலத்து பலசாலி. அப்படித்தான் போடுவாங்க."

"பலசாலியா இருந்தாலும் ஒரு கோவணம் கட்டிக்கிட்டு நிக்கலாம்ல?"

மேல் வரிசை முழுவதும் அதே ஆள்தான். அதனால் அந்த வரிசை போயிற்று. கீழ் வரிசையில் தூண் வைத்த ஒரு கட்டடம் இருந்தது. மேஸ்திரிக்கு அது பிடித்தது. வீட்டுக்குக் கட்டடப் படம் பொருத்தம்தானே என்றார்.

"என்ன எடம்மா இது?"

"பெரிய பெரிய ஆளுங்களை அடக்கம் பண்ணியிருக்கிற இடம்."

"ஐயையோ!" என்று ஆசாரி காதைப் பொத்திக்கொண்டார். "வாசல்ல வெக்கிற பேச்சா இது?"

கடைசியாக இருந்தது எண்பத்து நாலாம் வருஷத்துக் காசு. அதில் ஒரு பெண் முகம், பக்கவாட்டில் பார்த்தபடி. கொண்டை போட்டு, நெற்றி அகலமாக, அமைதியான முகம்.

"இந்தம்மா யாரு?"

"ரேடியம் கண்டுபிடிச்சவங்க. எத்தனையோ பேருக்கு வியாதி தீர்ந்துது அதனால. நல்லாப் படிச்ச பொம்பளை."

"மகராசி! இவங்களை வைங்கம்மா" என்றார் ஆசாரி.

அம்மா ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு, "இன்னொண்ணு வாங்கி அனுப்பச் சொல்லிக் கொழுந்தனாருக்கு எழுதிக்கிறேன்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, வெறும் விரலால் காசைக் கிள்ளி எடுத்தார். ஆசாரி வாங்கி மஞ்சளைக் குழைத்து இரண்டு பக்கமும் அப்பினார். மேஸ்திரி அதை வலப்பக்கக் குழியில் தானியத்தின் மேல் வைத்தார். நிலையை நிறுத்தினோம். நான் கலவையைக் கொட்டினேன்.

மறுநாள் வந்த சொல்தா ஐயா, மாலை போட்ட நிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லோருக்கும் பகோடா வாங்கிக் கொடுத்தார். அம்மா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாரீசுக்குக் கடிதம் எழுதியாயிற்று, மாற்றுக் காசு வந்ததும் பெட்டியில் வைத்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். சுவர் ஏறியது.

மாசியில் தந்தி வந்தது. லூயி இறந்துவிட்டார். மாரடைப்பு. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

சில நாள் சொல்தா ஐயா கட்டடத்துப் பக்கமே வரவில்லை. நாங்கள் எங்கள் வேலையைப் பார்த்தோம். பிறகு ஒரு நாள் மத்தியானம், சோறு தின்று கை கழுவிக்கொண்டிருக்கும்போது, பெட்டியைத் திறந்தபடியே கையில் பிடித்துக்கொண்டு வந்தார். எண்பத்து நாலாம் வருஷத்துக் காசு இருந்த குழி காலியாக இருந்தது. பின்னாலேயே அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். வீட்டில் எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்பது இரண்டு பேர் முகத்திலும் தெரிந்தது.

"மேஸ்திரி, நிலையை எடு."

மேஸ்திரி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நிலையை அசைக்கக் கூடாதுங்க."

"என் வீடு. நான் சொல்றேன்."

"வீடு உங்களுதுதாங்க. வேற ஆளை வெச்சு வேணா செய்ங்க. நான் நிறுத்தின வாசலை நானே பேத்தெடுக்க மாட்டேன்."

சொல்தா ஐயா பெட்டியை மணல் குவியலில் வைத்துவிட்டு, என் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. அவர் வயதுக்கு அதைச் சரியாகவே பிடித்திருந்தார். நிலைக்கு அருகில் போவதற்குள் ஆன்தோனெத் அம்மா முந்திக்கொண்டு போய், வாசற்படியின் மேல் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

குஞ்சம்மா பதறிப் போனாள். "அம்மா! வாசப்படியில உக்காரக் கூடாதும்மா! குடும்பத்துக்கு ஆகாது!"

"தெரியும்டி. அவரை அதைக் கீழ போடச் சொல்லு, எந்திரிக்கிறேன்."

"அவன் கையால அனுப்பின கடைசிக் காசு, ஆன்தோனெத்."

"தெரிஞ்சா வெச்சேன்? அன்னிக்கு அவரு நல்லாத்தானே இருந்தாரு. இப்படி ஒரு தந்தி வரும்னு எனக்கு அன்னிக்கு எப்படித் தெரியும்?"

"எந்திரி."

"மாட்டேன்."

கடப்பாரை முனை அவர் சேலை ஓரத்தில் ஊன்றி நின்றது. வெயில் சுள்ளென்று அடித்தது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

மேஸ்திரிதான் பேசினார். "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எடுத்துக் குடுத்தா இந்தப் பெட்டியில வெப்பீங்களா?"

"பின்ன?"

"அம்மா கை பட்டிருக்கு, ஆசாரி கை பட்டிருக்கு, என் கையும் பட்டிருக்குங்க. ரெண்டு பக்கமும் மஞ்சள். மேல சிமெண்டு இறுகிக் கெடக்கு. ஒரு விரல் பட்டாலே இதுல இடமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொல்தா ஐயா மணலில் கிடந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். மற்றக் காசுகளெல்லாம் வெயிலில் கண் கூசும்படி மின்னிக்கொண்டிருந்தன.

அம்மா இப்போது மெதுவாகச் சொன்னார். "ரூமு கட்டி வெச்சிருக்கோம். அவரு வரப்போறதில்ல. அவரு அனுப்பினதாவது வாசல்ல இருந்துட்டுப் போகட்டுமேங்க."

சொல்தா ஐயா கடப்பாரையைச் சுவரில் சாத்தினார். சத்தம் வராமல் சாத்தினார்.

"எந்தப் பக்கம்?" என்று என்னைக் கேட்டார்.

"உள்ள நுழையறப்ப வலப்பக்கங்க."

அந்த இடத்தைப் பார்த்தார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, பூச்சுதான். பிறகு அம்மாவிடம் கையை நீட்டினார்.

"எந்திரி. உக்காரக் கூடாதுன்னு சொல்றாங்கல்ல."

வைகாசியில் குடிபோனார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பெட்டியைத் திறந்து காட்டினாராம். எண்பத்து நாலாம் வருஷத்துக் காசு எங்கே என்று கேட்டவர்களுக்கு மோவாயால் வாசலைக் காட்டினாராம். குஞ்சம்மா சொன்னாள். நான் அன்றைக்குப் போகவில்லை. பூவம் கிராமத்தில் வேறு வேலை.

மூன்றாவது பொங்கலுக்கு வெள்ளையடிக்க என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். பெட்டி கூடத்து மேஜை மேல் திறந்திருந்தது. லூயியின் மகள் ஃபிரான்சுவாஸ் இப்போது வாங்கி அனுப்புகிறாளாம். புதிய காசுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றில் தீப்பந்தம் தூக்கிய ஒரு பெண். எண்பத்து நாலின் குழியை மட்டும் நடுவில் அப்படியே விட்டிருந்தார்.

சுண்ணாம்பு வாளியை வாசலோரம் இறக்கப் போனேன். உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

"கருப்பையா, வலப்பக்கம் வெக்காதப்பா. கொழுந்தனாரு இருக்காரு."

சொல்தா ஐயா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

வாளியை இடப்பக்கம் வைத்தேன்.