பன்னிரண்டு பீடி

நூறடி நடந்தால் தங்கபாயின் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மில்லில் நிற்கும்போதே பெருவிரல் மரத்துப்போகும். இப்படித்தான் தொடங்கி அவள் அண்ணனுக்குக் காலை முழங்காலோடு எடுத்தார்கள்; பீடி ரத்தக்குழாயை அடைத்துவிட்டதாம். தங்கபாயும் பதினாறு வயதிலிருந்து பீடி குடிக்கிறவள்தான். கக்கூசுக்குள் நின்று, ஊருக்குத் தெரியாமல்.

தொண்ணூற்று நாலில் மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா ராஜபாளையத்து மில்லுக்கு வந்தார். இருமல் மருந்தில் சேர்க்கிற ஒரு சரக்கு பீடி குடிப்பவர்களின் ரத்தக்குழாயைக் காக்குமா என்று ஆராய்ச்சி. பாதிப்பேருக்கு அந்த மாத்திரை, பாதிப்பேருக்கு வெறும் மாத்திரை. ஆனால் எல்லோருக்கும் குழாயை மிஷினில் பார்ப்பார்கள். அந்த மிஷினுக்காகத்தான் தங்கபாய் ஆண்கள் வரிசையில் போய் நின்றாள்.

"ஆம்பளைங்களுக்கு மட்டும்தாம்மா. இங்க பொம்பளைங்க யாரும் குடிக்கிறதில்லைன்னு சொன்னாங்க" என்றார் டாக்டரம்மா.

"சொன்னவன் எங்கிட்ட கேட்டானா?"

வரிசை கொல்லென்று சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் தவசிமுத்து, அதே மில்லில் மேஸ்திரி. அவர் மகனுக்கும் தங்கபாயின் மகள் ஞானபாக்கியத்துக்கும் வருகிற ஞாயிறு வேதக்கோயிலில், கல்யாணத்தைச் சபைக்கு அறிவிக்கிற முதல் ஓலை வாசிக்க இருந்தார்கள்.

"சரி, உங்களையும் சேத்துக்கிறேன். முதல்ல ஒரு பீடி குடிச்சுக் காட்டணும். அப்புறம்தான் கையில பட்டை கட்டி மிஷின்ல ரத்தக்குழாயப் பார்ப்போம். பரவாயில்லையா?" என்றார் டாக்டரம்மா.

தங்கபாய் மடியிலிருந்து பீடிக்கட்டை எடுத்தாள்.

"தங்கச்சி, அதப் பத்த வச்சீங்கன்னா ஓலை கிடையாது" என்றார் தவசிமுத்து.

தங்கபாய் கோபத்தோடு அவர் பக்கம் திரும்பினாள்.

"எம் மககிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன், அண்ணாச்சி. 'உன் காலு போன பொறவு எனக்கு எதுக்கு ஓலை, நீ போம்மா'ன்னுட்டா. நீங்க எதுக்கு இந்த வரிசையில நிக்கீக? உங்க மகன் பீடி தொட்டதில்லைன்னு எல்லாரு முன்னாலயும் ஒத்த வார்த்தை சொல்லுங்க, நான் இப்பவே திரும்பிப் போறேன்."

தவசிமுத்து பீடிக்கட்டு துருத்திய தன் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார்.

தங்கபாய் தீக்குச்சியை உரசினாள். முப்பது வருடத்தில் முதல்முறையாக வெளிச்சத்தில் நின்று புகையை இழுத்தாள். இழுத்து முடித்துவிட்டுக் கையை மேசைமேல் நீட்டினாள்.

"தங்கபாய். வயசு நாப்பத்தாறு. ஒரு நாளைக்குப் பன்னெண்டு பீடி. எழுதுங்கம்மா."