கட்டை போடுகிறவள்

"கட்டை! அண்ணி, கட்டை!"

நாகலிங்கத்தின் கூச்சல் சரிவு முழுக்க எதிரொலித்தது. அவன் காலடியில் பிரேக் பெடல் தரைவரை அமுங்கிப் போய், செத்த மீன் மாதிரிக் கிடந்தது. விறகு ஏற்றிய டிரெய்லர் பின்னாலிருந்து டிராக்டரை முட்டித் தள்ளியது. அடுத்த கணம் மடார் என்று ஒரு சத்தம். வண்டி குலுங்கி நின்றது.

டிரெய்லரின் இடது சக்கரத்துக்கு முன்னால் பூங்காவனம் இடுப்பில் கைவைத்து நின்றாள். சக்கரத்தின் அடியில் அவள் தள்ளிவிட்ட ஆப்புக்கட்டை நசுங்கிப் புகைந்துகொண்டிருந்தது.

"செத்துப்போன உங்க அண்ணன்கூட என்னை இப்படி ஊரைக் கூட்டிக் கூப்பிட்டதில்லே தம்பி" என்றாள் மூச்சிரைக்க.

விறகின் மேல் உட்கார்ந்திருந்த விநாயகம் சிரித்தான். "பேசாம அண்ணியையே டிராக்டர்ல மாட்டிடலாம். எண்ணெய் கேக்காது."

"எண்ணெய் கேக்க மாட்டேன். சோறு கேப்பேன். அதுதான் மேனேஜர் மிசேக்குப் பிடிக்காது."

அறுபதாம் வருடப் புயல் அந்தத் தீவில் சாய்த்துப்போட்ட யூகலிப்டஸ் மரங்களை வெட்டி, சரிவில் இறக்கி, கரும்புத் தோட்டத்துச் சர்க்கரை ஆலைக்குக் கொண்டுபோகும் வேலை அது. முதல் கரும்பு அரைபட்டுச் சக்கை விழும்வரை கொதிகலனுக்கு விறகுதான் தீனி. அரவை திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது.

பிரேக் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. அதைப் பழுதுபார்ப்பதற்குப் பதிலாக, சக்கரத்தோடு சக்கரமாகக் கட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஓர் ஆளை வைத்தார்கள். முதலில் விநாயகம் நடந்தான். உயிரைப் பணயம் வைக்கிற வேலை, கூலியைக் கூட்டிக் கொடு என்று அவன் கேட்டதும், வேலையாட்களை மேய்க்கும் சிர்தார் தனராஜ் அவனை வெட்டு வேலைக்கு மாற்றிவிட்டு, ஆண் கூலியில் பாதிக்கு ஒரு பெண்ணைப் போட்டான். புருஷன் இல்லாத பூங்காவனத்துக்கு வேண்டாமென்று சொல்ல வாயில்லை.

நாகலிங்கம் மேனேஜர் மிசே ஜில்பெரிடமே போய் நின்று பார்த்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்று கிரியோல் பாஷையில் சொன்னான். ஜில்பெர் சுருட்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. "பிரேக் நல்லாத்தான் இருக்கு. ஓட்டத் தெரியாதவன்தான் பிரேக்கைக் குறை சொல்லுவான்."

நாகலிங்கம் தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பினான். சுவரில் முட்டினால் தலைக்குத்தான் வலி.

அன்று மதியம் தனராஜ் ஓடி வந்தான். "ஆலே, ஆலே! சீக்கிரம்! மிசே இன்னும் ஒரு வரிசை ஏத்தச் சொல்லிட்டாரு."

"ஏத்துறதை ஏத்திட்டு, நீ கட்டையைப் பிடிக்கிறியா?" என்று கேட்டான் நாகலிங்கம்.

"நான் சிர்தாரு."

"ஆமா, சக்கரத்துக்கு அது தெரியாது பாரு."

ஏற்றினார்கள். அதற்குள் மலைப்பக்கமிருந்து ஒரு மழை வந்து அடித்துவிட்டுப் போனது. செம்மண் பாதை வெண்ணெயாக வழுக்கியது. நாகலிங்கம் முதல் கியரிலேயே இறக்கினான். பாதி வழியில் டிரெய்லர் பக்கவாட்டில் இழுக்கத் தொடங்கியது. "கட்டை!" என்று அலறினான். பூங்காவனம் கட்டையைத் தள்ளினாள். கட்டை சேற்றில் வழுக்கி நழுவியது. விலகி நின்றிருக்கலாம், விலகியிருந்தால் டிராக்டரும் அவனும் பள்ளத்தில் கிடந்திருப்பார்கள். அவள் வெறுங்காலால் கட்டையை உதைத்து உள்ளே செருகினாள்.

வண்டி நின்றது. அவள் குரல் மட்டும் நிற்கவில்லை.

மரத்துண்டுகளை நெம்புகோலாகக் கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கிக் காலை எடுத்தார்கள். பாதம் பாதமாக இல்லை. விநாயகம் தன் சட்டையைக் கிழித்துக் கணுக்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டினான். துணி உடனே சிவந்தது.

நாகலிங்கம் டிராக்டரையும் டிரெய்லரையும் இணைத்திருந்த ஊசியைச் சுத்தியலால் தட்டிக் கழற்றினான்.

"என்ன பண்றே?" தனராஜ் குறுக்கே வந்தான். "லோடை ஆலையில இறக்கிட்டு வா. அங்கே டிஸ்பென்சரி இருக்கு, மருந்து போடுவாங்க."

"மருந்தா? ரத்தம் ஊத்துது, கண்ணு தெரியலியா உனக்கு? சுயாக் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"தோட்டத்து டிராக்டர் ஊர் ரோட்டுக்குப் போகக்கூடாது. மிசேக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"விறகு பத்திரமா இருக்குன்னு சொல்லு."

பூங்காவனத்தை மட்கார்டின் மேல் சாய்த்து விநாயகம் இறுகப் பிடித்துக்கொண்டான். கரும்புக்காடுகளின் நடுவே, சுரினாம் என்ற ஊரின் கடைத்தெரு வழியாக, மேட்டில் சீறியும் பள்ளத்தில் கியரை முனகவிட்டும் நாகலிங்கம் ஓட்டினான். எதிரே வந்த பஸ்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே ஒதுங்கினான். "தம்பி, கட்டைக்கு ஆளில்லாம ஓட்டுறியே" என்று அவள் முனகினாள். பிறகு அவள் தலை விநாயகத்தின் தோளில் சாய்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேலியோர மேட்டில் முட்டித்தான் டிராக்டரை நிறுத்த முடிந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வெகுநேரம் கழித்து வெளியே வந்த நர்ஸ், உயிருக்குப் பயமில்லை, பாதத்தை எடுத்துவிட்டோம் என்று சொன்னாள். விநாயகம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நாகலிங்கம் வாசலுக்கு வந்து உட்கார்ந்தான். அவன் கால்சட்டையில் அவளுடைய ரத்தம் காய்ந்து, துணி முறுகிப்போயிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஜில்பெரின் கார் வந்து நின்றது. பின் சீட்டில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். நாகலிங்கம் எழுந்து தொப்பியைக் கழற்றினான். என்ன இருந்தாலும் மனுஷன் விசாரிக்க வந்துவிட்டாரே என்று நெஞ்சு ஒரு கணம் இளகியது.

"அண்ணி உள்ளே இருக்காங்க மிசே. பாதத்தை எடுத்துட்டாங்க."

ஜில்பெர் அவனைத் தாண்டிப் போய், டிராக்டரைச் சுற்றி வந்தார். குனிந்து, முன் பம்பரில் விழுந்த கீறலை விரலால் தடவினார். பிறகு நிமிர்ந்து போலீஸ்காரரைப் பார்த்தார்.

"எழுதிக்கங்க. இதுல பிரேக் இல்லேன்னு இவனுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் ஜனங்க நடமாடுற ரோட்டுல ஓட்டிட்டு வந்திருக்கான்."